வண்டியின் வாயிற்கதவு

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த புலவர் பெருமக்கள் இலக்கியச் சுவை சொட்டச் சொட்டப் பேச, நாம் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு இரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நம்மை இம்முறை மேடையேற்றியது செயலாளர் அவர்களின் துணிச்சலையே காட்டுகிறது. “என்ன பேசுவது?” என்று கேட்டோம். “உமக்குத் தெரிந்ததைப் பேசும்” என்றார். பெட்டிகளின் பழுதுக் குறிப்புகள் நாள்தோறும் நம் மேசை வழியே செல்கின்றன. அக்குறிப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘கதவு’ என்பது. எனவே வண்டியின் வாயிற்கதவைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

திருவனந்தபுரத்தில் கதவு என்று தொடங்கினால், பத்மநாப சுவாமி கோயில் நிலவறையைத்தான் பலரும் நினைப்பர். 2011-ஆம் ஆண்டில் மற்ற அறைகள் திறக்கப்பட்டபோது, ‘பி’ என்னும் அறை மட்டும் திறக்கப்படாமல் நின்றதை நாடே பேசியது. அந்தக் கதவைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி கிடையாது. நாம் பேசப்போவது ஒவ்வொரு நிலையத்திலும் திறந்தே ஆகவேண்டிய ஓர் எளிய கதவைப் பற்றி.

நம்மில் பெரும்பாலோர் இந்நகருக்கு வந்து சேர்ந்தது இரயில் வண்டியின் வாயில் வழியாகவே. 1904-இல் செங்கோட்டை மலைவழியே கொல்லத்திற்கு இருப்புப்பாதை வந்தது. 1918-இல் அது திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது. 1931-இல் தம்பானூருக்கு வந்து நின்றது. 1976-இல் கொல்லத்திலிருந்து இங்கு வரும் குறும்பாதை அகலப்பாதையாயிற்று. 1979-இல் நாகர்கோவில் வழி திறந்தது. சாலைக் கடைத்தெருவில் வணிகம் செய்ய வந்தவரும், அலுவலகங்களில் பணிக்கு வந்தவரும், ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு பாயோடும் அந்த வாயிலைக் கடந்தே வந்தனர். நம் தந்தையர் காலத்தில் யாரோ ஒருவர் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டதனால்தான் நாம் இன்று இங்கே கூடியிருக்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நாம் வெட்கத்தோடு நினைவுகூரும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டருளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறை முடிந்து, நம் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார் ஒன்றாக ஊர் திரும்பிக் கொண்டிருந்தோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து இரவில் புறப்படும் வண்டி. முன்பதிவு கிடைக்கவில்லை, பொதுப் பெட்டியில் ஏறினோம். குழந்தைகள் மூட்டைகளின் மேல் சாய்ந்து உறங்கிவிட்டனர். கரும்புக்கட்டும் பனங்கிழங்கும் நடைபாதையை அடைத்துக் கிடந்தன. “இனி யாரும் ஏற இடமில்லை” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமோதித்தனர். வாயிலின் அருகே நின்றிருந்தவர் நாம். தாழிட்ட கையும் நமது கையே.

நள்ளிரவில் ஒரு சிறு நிலையத்தில் வண்டி இரண்டு நிமிடம் நின்றது. கதவைத் தட்டும் ஓசை கேட்டது. “ஐயா, கதவைத் திறங்கய்யா! பிள்ளைக்கு முடியலை, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று ஒரு முதியவரின் குரல். பெட்டிக்குள் இருந்தவர் அனைவரும் விழித்திருந்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது அடுத்த பெட்டியில் ஏற்றிக்கொள்வர் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்போம். நாமும் அவ்வாறே நினைத்தோம். தட்டிய ஓசை நின்றது. அடுத்த பெட்டியின் கதவைத் தட்டுவது மெல்லக் கேட்டது. பின்னர் ஊதல் ஒலித்து வண்டி நகர்ந்தது. சன்னல் வழியே பார்த்தோம். முதியவர் ஒருவர் கையிலிருந்த குடையை உயர்த்தியபடியே மேடையில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

உறங்குவதாக நாம் எண்ணியிருந்த நம் மகள் மெல்லக் கேட்டாள்: “அப்பா, அவங்களும் டிக்கெட் வாங்கியிருப்பாங்கதானே?”

குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து இவ்வூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கும் எத்தனை ஏழை மக்கள் இரவு வண்டியில் வருகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அக்குழந்தை எப்படியாயிற்று என்பது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. அன்று முதல்தான் கதவு என்பது எதற்காக இருக்கிறது என்னும் கேள்வி நம்மைப் பிடித்துக்கொண்டது. அலுவலகக் குறிப்புகளிலும், பணிமனைத் தோழர்களிடமும், கிடைத்த நூல்களிலும் அதற்கு விடை தேடினோம்.

ஓடும் வண்டியின் கதவுக்குத் தொழில் இரண்டு. உள்ளே இருப்போர் விழாமல் காப்பது ஒன்று. வேண்டும்போது உள்ளிருப்போர் வெளியேறவும், உரிமையுடையோர் உள்ளே வரவும் வழிவிடுவது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நினைத்துக் கதவு செய்தபோதெல்லாம் உலகம் பெருந்துயரைக் கண்டிருக்கிறது.

பிரான்சு நாட்டில் 1842-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள், வெர்சாய் நகரில் அரச விழாவைக் கண்டு களித்த மக்கள் பாரிசுக்கு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தனர். அக்காலத்தில் பயணிகளைப் பெட்டியில் ஏற்றியபின் வெளியிலிருந்து பூட்டிவிடுவது வழக்கம். வழியில் நீராவி எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றின. பூட்டிய கதவுகளுக்குள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகக் கடல்களைச் சுற்றி வந்த தூமோன் துர்வில் என்னும் மாலுமியும் தம் மனைவியோடும் மகனோடும் அதில் மாண்டார். அதன்பின்னரே பயணிகளைப் பூட்டிவைக்கும் வழக்கத்தைப் பிரான்சு கைவிட்டது.

நூறாண்டுகளுக்குப் பின்னும் அப்பாடம் மறந்துபோயிற்று. 1951 ஏப்ரல் 24 அன்று ஜப்பானில் யோக்கோஹாமா நகரத்துச் சகுராகிச்சோ நிலையத்தருகே மின்கம்பி அறுந்து விழுந்து வண்டியில் தீப்பிடித்தது. கதவைத் திறக்கும் முறை உள்ளிருந்தோர்க்குத் தெரியவில்லை. சன்னல்களோ ஆள் நுழைய இயலாதவை. 106 பேர் இறந்தனர். அதன்பின், அவசர காலத்தில் கதவைத் திறக்கும் பிடி இருக்குமிடத்தை எல்லோரும் காணும்படி எழுதிவைத்தனர்.

கதை அத்தோடு முடியவில்லை. 1962 மே 3 அன்று தோக்கியோவின் மிக்கவாஷிமா நிலையத்தருகே இரு வண்டிகள் மோதின. இம்முறை பயணிகளுக்குக் கதவைத் திறக்கத் தெரிந்திருந்தது. திறந்து, இருட்டில் தண்டவாளத்தில் இறங்கி நடந்தனர். சில நிமிடங்களில் எதிர்த்தடத்தில் மூன்றாவது வண்டி வந்தது. அவ்விபத்தில் மாண்டோர் 160 பேர். அடைத்த கதவும் கொன்றது. அறியாமல் திறந்த கதவும் கொன்றது. கதவு செய்பவரின் கடமை எவ்வளவு கடினமானது என்பதை இம்மூன்று விபத்துகளும் சேர்ந்து நமக்கு உணர்த்துகின்றன.

இனி, கதவு எப்பக்கம் திறக்கவேண்டும் என்பதைப் பார்ப்போம். கோடை விடுமுறையில் உதகைக்குச் சென்றவர்கள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் சிறு வண்டியைப் பார்த்திருப்பீர்கள். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இப்பாதையை 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவ்வண்டியின் பழைய மரப்பெட்டிகளில் அறைக்கு ஒரு கதவு உண்டு. அந்நாளில் பெரிய பாதைகளில் ஓடிய பெட்டிகள் பலவும் அவ்வகையினவே. கதவு வெளிப்பக்கம் திறக்கும். மெதுவாக ஏறும் மலைவண்டிக்கு அது பொருந்தும். விரைந்தோடும் வண்டியில் வெளிப்பக்கம் திறந்த கதவு மேடையில் நிற்பவரை அடிக்கும். பாலத்தின் தூணிலும் மோதும்.

காற்றின் கணக்கு ஒன்றும் இதில் உண்டு. மோட்டார் காரின் கதவைக் கவனியுங்கள். பெரும்பாலும் அதன் கீல் முன்பக்கம் இருக்கும். ஓட்டத்தில் தாழ் நழுவினாலும் எதிர்க்காற்று கதவைச் சாத்தவே முயலும். கீல் பின்பக்கம் இருந்தால் அதே காற்று கதவைப் பிடுங்கி எறியும். அமெரிக்காவில் 1930-களிலிருந்தே காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகள் பரவின. அலுமினியத் தகடு போர்த்திய ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் அவற்றுள் பெயர்பெற்றவை. நம் கேரள அரசும் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் சக்கரத்தின்மேல் வீடு கொண்ட சுற்றுலாவை அறிவித்தது. இவ்வண்டிகள் எப்போதும் முன்னோக்கியே விரைவன. ஆதலால் கீல் எங்கே என்ற கேள்விக்கு ஒரே விடை போதும். இரயில் பெட்டிக்கோ முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. போகும்போது முன்பக்கம் இருந்த கீல், பெட்டியைத் திருப்பாமலே வண்டி மீளும்போது பின்பக்கம் ஆகிவிடுகிறது. ஆதலின் கதவை உட்புறம் திறக்கச் செய்வது, அல்லது பக்கவாட்டில் நகரச் செய்வது என்னும் இரண்டே வழிகள் பாதுகாப்பானவை.

சென்னைப் பெரம்பூரில் சுவிட்சர்லாந்து நாட்டு ஷ்லீரன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்த ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு அவர்கள் தொடங்கிவைத்தார். அங்கே பிறந்த எஃகுப் பெட்டிகளின் வாயிற்கதவு உட்புறம் திறப்பது. அவ்வகைப் பெட்டிகளைக் கட்டுவதை அத்தொழிற்சாலை 2018-இல் நிறுத்தியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாரத மக்கள் அக்கதவுகளின் வழியே ஏறி இறங்கினர். பின்னர் ஜெர்மானிய முறையில் அமைந்த துருப்பிடியா எஃகுப் பெட்டிகள் பல வண்டிகளில் இடம்பெற்றன. 2023 ஏப்ரலில் இந்நகரிலிருந்து காசர்கோட்டுக்குத் தொடங்கப்பட்ட வந்தே பாரத் வண்டியில் கதவு தானே நகர்ந்து மூடிக்கொள்கிறது. கதவுகள் மூடினாலன்றி வண்டி புறப்படாது. மனிதனின் கவனக்குறைவைக் கருவி ஈடுசெய்யும் ஏற்பாடு அது.

பழைய கதவுகளைச் செப்பனிடும் முறையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இது பணிமனைத் தச்சர்களும் கொல்லர்களும் நமக்குச் சொல்லித் தந்தது. மரக் கதவுள்ள நம் வீடுகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதற்பாடம்: கதவு இடித்தால் கதவை இழைக்காதே, நிலையைப் பார். வண்டியின் சுவரில் வாயிலுக்காக வெட்டிய இடமே அச்சுவரின் வலுக்குறைந்த இடம். பாரத்தாலும் குலுக்கலாலும் வண்டியின் உடல் சிறிது தொய்ந்தால், நேர்கோணமாயிருந்த வாயில் கோணலாகும். அப்போது கீலுக்கு எதிர்ப்பக்கத்து மேல்மூலை நிலையில் உரசும். தாழின் நாக்கு துளையில் இறங்காது. மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு குறுக்களவுகளையும் ஒப்பிட்டால் உண்மை விளங்கிவிடும். இரண்டும் ஒத்திருந்தால் பிழை கதவிலோ கீலிலோ உள்ளது. ஒவ்வாவிடில் பிழை உடலில் உள்ளது. உடல் நோயிருக்கக் கதவை மட்டும் இழைத்துப் பொருத்துபவர், அடுத்த ஆண்டும் இழைப்புளியோடு வந்து நிற்பார்.

இரண்டாவது பாடம் கீலைப் பற்றியது. கதவின் முழு எடையும் மேல்கீலை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் திருகாணித் துளை தேய்ந்து அகன்றவுடன் கதவு தொங்கும். பெரிய திருகாணியை அடித்து இறுக்குவது சோம்பேறியின் வைத்தியம். துளையைச் சுத்தம் செய்து, தேக்கில் சீவிய முளைக்குச்சியைப் பசை தடவி அடித்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிட்டுப் பழைய அளவுத் திருகாணியையே போடவேண்டும். கீல் மிக ஆழமாகப் பதிந்திருந்தால், அதன் அடியில் மெல்லிய தகடு ஒன்றை வைத்தால் போதும்.

மூன்றாவது பாடம் தண்ணீரைப் பற்றியது. இவ்வூரில் ஜூன் மாதத்தில் ஒரு மழை, ஐப்பசியில் மற்றொரு மழை. கொல்லத்திலிருந்து வரும் பாதையிலோ பல இடங்களில் கடற்காற்றும் உண்டு. எஃகுப் பெட்டியில் துரு முதலில் பற்றும் இடங்களுள் வாயிற்படியின் அடிப்புறம் ஒன்று. கழிவறையின் அடிப்புறம் மற்றொன்று. மேலே வண்ணம் பளபளக்க, கீழே தகடு அரித்திருக்கும். மரக்கதவிலும் அவ்வாறே. கீழ்ச்சட்டத்தின் அடிவெட்டு மழைநீரை உறிஞ்சும். கதவின் முகத்துக்கு மூன்று பூச்சுப் பூசும் நாம், குனிந்து பார்க்காததால் அடிவெட்டைப் பூசாமல் விட்டுவிடுகிறோம். மட்கிய மரத்தின்மேல் மக்கு அப்பி மறைப்பது பயனற்றது. நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, சாய்வாகச் சீவிய புதுத் துண்டைப் பொருத்தி, அடியில் நீர் சொட்டி விழும்படி ஒரு சிறு பள்ளக்கோடு இழைத்து, எல்லாப் பக்கங்களிலும் வண்ணம் பூசவேண்டும். நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டிருந்தால் குத்திவிட வேண்டும். மழைக்காலத்தில் உப்பிய கதவை அப்போதே இழைத்துவிடாதீர்கள். மாசியில் மரம் காய்ந்து சுருங்கியபின் இடுக்கு விழும். காத்திருந்து, கோடையில் அளவு பார்த்துச் செய்வதே முறை.

நான்காவது பாடம் தாழைப் பற்றியது. நமது பேச்சின் உயிர்நிலையும் இதுவே. காரின் கதவைச் சாத்தும்போது இரண்டு முறை ‘டக்’ என்று கேட்பது உண்டு. முதற்பிடிப்பு நழுவாமல் காப்பது; இரண்டாம் பிடிப்பு முழுதும் சாத்துவது. நல்ல தாழ் எளிதில் நழுவாது. ஆனால் உள்ளிருப்பவர் விரும்பினால் ஒரே அசைவில், சாவியின்றி, இருட்டிலும் திறக்கும். இதை நாமே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டு வாயிலைத் திறந்து பாருங்கள். இரவில் திருடனுக்கு அஞ்சி உட்புறம் பூட்டுப் போட்டுச் சாவியை வேறெங்கோ வைப்பவர்கள் உண்டு. அவர்கள் 1842-ஆம் ஆண்டு வண்டியிலேயே இன்னும் பயணம் செய்கிறார்கள் என்பது நமது தாழ்மையான கருத்து.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியில் கதவு திறந்திருந்தால் அது கொக்கியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டாத கதவு, ஓட்டுநர் திடீரெனத் தடைபோட்டவுடன் வீசிச் சாத்தும். கீல் பக்கத்து இடுக்கில் குழந்தையின் விரல் இருந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கப் பழக்குங்கள். நிலையின் விளிம்பைப் பிடிக்க விடாதீர்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வாயிலில் நின்று காற்று வாங்குவதும், படியில் தொங்குவதும் வீரம் ஆகா. 2025 ஜூன் 9 அன்று மும்பையை அடுத்த மும்ப்ராவில், நகர்ப்புற வண்டிகளின் வாயிலில் தொங்கிச் சென்றோர் கீழே விழுந்து சிலர் உயிரிழந்தனர். அவர்கள் விளையாட்டுக்காகத் தொங்கியவர்கள் அல்லர். உள்ளே இடமில்லாத உழைப்பாளிகள். குளிர்வசதியற்ற வண்டிகளுக்கும் தானே மூடும் கதவு பொருத்தப்படும் என்று அதன்பின் இரயில்வே அறிவித்தது. கதவை மூடினால் காற்று வேண்டுமே! எனவே காற்றுப் புகும் திறப்புகளும் கூரைவழிக் காற்றோட்டமும் கொண்ட கதவமைப்பே வகுக்கப்பட்டது. காவலும் வழியும் ஒருங்கே வேண்டும் என்னும் பழைய கணக்கு இங்கும் வந்துவிட்டது.

சட்டமும் இரு பக்கத்தையும் நோக்குகிறது. நம் அண்டை ஊரான வர்க்கலாவில் வண்டியேற முயன்ற ஒரு பெண்மணி தவறி விழுந்து இறந்தார். அவ்வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறும்போது விழுந்தாலும் அது வண்டியிலிருந்து விழுந்ததாகவே கருதப்படும். யார் பிழை என்று ஆராயாமலே இழப்பீடு தரவேண்டும் என்பது அதன் சாரம். மறுபுறம், 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 155-ஆம் பிரிவு, தமக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் உரிமையோடு ஏற வரும் மற்றொரு பயணியைத் தடுப்பது குற்றம் என்கிறது. அப்பிரிவைப் படித்த நாளில் நமக்கு அந்தக் குடை நினைவுக்கு வந்தது. சட்டத்தின் கண்ணில் அன்றிரவு குற்றவாளி நாமே. நீலச் சட்டையும் அடையாள அட்டையும் கொண்ட இரயில்வே ஊழியர் ஒருவரே அக்குற்றத்தைச் செய்தார் என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

அன்பர்களே! பெட்டிகளுக்கும் முதுமை உண்டு. வயது முதிர்ந்த எஃகுப் பெட்டிகள் சிலவற்றை மோட்டார் வாகனங்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றுகின்றனர். அப்போது பக்கத்து வாயில்களையும் சன்னல்களையும் நிலையாக அடைத்துவிட்டு, வாகனம் நுழைய முனைப்பக்கத்தில் வாயில் அமைக்கின்றனர். நிலையத்தில் அத்தகைய பெட்டி நிற்கக் கண்டால் நமக்கு மனம் கனக்கும். எத்தனை பேர் ஏறிய வாயில் அது! சரக்குக்கு அடைத்த வாயில் போதும். அது வெளியே நின்று தட்டுவதில்லை. மனிதர் பயணம் செய்யும் பெட்டிக்கு மட்டும் அது பொருந்தாது.

நம் சங்கமும் ஒரு பெட்டியே. புதிதாய் மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பம் ஒன்று குடியிருப்பின் வாயிலில் சாமான்களோடு நிற்கும்போது, “இங்கே இடமில்லை” என்ற முணுமுணுப்பு அண்மைக் காலமாகச் சிலரிடம் கேட்கிறது. சிறுவர்க்கான தமிழ் வகுப்பில் பிறமொழிக் குழந்தை சேரலாமா என்ற விவாதமும் நடந்தது. மலையாள மக்கள் நம்மை இந்நகரில் ஏற்றுக்கொண்டபோது இக்கேள்விகளைக் கேட்டிருந்தால் இந்த விழாவே இராது. சங்கத்துக்கு ஒழுங்கு வேண்டும். அதற்குத் தாழும் வேண்டும். தட்டுவோரின் குரல் கேட்டால் அத்தாழ் ஒரே அசைவில் திறக்கவும் வேண்டும்.

ஒரு சிறு செயலோடு முடிக்கிறோம். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் நாம் கூட்டமாய் ஊர் சென்று திரும்பும்போது, பொதுப் பெட்டியில் நம் குடியிருப்பைச் சேர்ந்தவர் ஒருவர் முறைவைத்து வாயிலருகே விழித்திருக்கட்டும். வண்டி ஓடும்போது கதவைச் சாத்தி வைப்பதும், நிலையம் வந்தவுடன் திறந்து, முதியோர்க்கும் கைக்குழந்தையோடு வருவோர்க்கும் கை கொடுத்து ஏற்றுவதும் அவர் பொறுப்பு. இதைச் செயற்குழு தீர்மானமாக ஏற்குமாறு வேண்டுகிறோம். முதல் இரவு முறையை நாமே ஏற்கிறோம். உடன் வருவதாக நம் மகளும் சொல்லியிருக்கிறாள்.